ஃபியூஸில் வைத்த ஜரிகை

எங்கள் காரில் ஹீட்டர் இருந்தது. காஞ்சிபுரத்தில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கிய பழைய கார் அது. அவர் குளிருக்காக வைத்துக்கொண்ட சாதனம் காரோடு சேர்ந்து மலையிறங்கி எங்களிடம் வந்துவிட்டது. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்கு வெந்நீர் வரும் குழாயை வாங்கிய கையோடு அடைக்கச் சொல்லிவிட்டேன். விசிறி மட்டும் மிஞ்சியது.

அந்த விசிறிக்கு எங்கள் ஊரில் ஒரே வேலைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான்கு பேர் உள்ளே உட்கார்ந்தால் முன்கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். சுவிட்சைத் தட்டினால் டாஷ்போர்டின் மேலுள்ள துளைகள் வழியே காற்று வந்து கண்ணாடியில் படும். அடியிலிருந்து மேலே மெல்ல மெல்லச் சாலை தெரியத் தொடங்கும். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அப்படி ஒன்று இருப்பதே எங்கள் நினைவில் இருக்காது.

என் மகளின் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருடம், மழை தொடங்கிய சில நாட்களில், அது நின்றுபோனது. தொண்ணூறுகளின் கடைசி. நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். இத்தனை வயதுக்குப் பிறகு என்னை உறுத்தும் காரியங்களை எண்ணிப் பார்த்தால், பெரிய விஷயங்கள் என்று நான் நினைத்தவை பலவும் உதிர்ந்துவிட்டன. இது மட்டும் உதிரவில்லை.

எங்களுக்குக் கார் ஓட்டியவர் கூரத்துக்காரர். இருபத்தைந்து வயதிருக்கும். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வோம். கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ஊர்த் தேவாலயத்தைப் பெருக்கி, மணியடித்துப் பார்த்துக்கொள்கிறவர். வண்டி ஓட்டுவதில் இவருக்கு நல்ல கை. ஆனால் ஒழுங்கானவர் என்று அன்று நான் சொல்லியிருக்க மாட்டேன். தாமதமாக வருவார். பெட்ரோல் முள் அடியில் போய்ப் படுக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார், மற்ற விஷயங்களுக்கெல்லாம் திறப்பார்.

அந்த வருட ஆயுத பூஜையன்று காரைக் கழுவிவிட்டு, ஈரத் துணியைத் தோளில் போட்டபடி ஓரமாக நின்றார். நான் பானெட்டில் சந்தனத்தால் நாமம் இட்டேன்.

“வண்டிக்கு நாமம் போட்டாச்சு சார். சம்பளத்துல எனக்கும் போட்டுறாதீங்க” என்றார்.

என் மனைவி வாசற்படியில் நின்று சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று காட்டிக்கொண்டேன். பொரித் தட்டைப் பானெட்டின் மேல் வைத்துக் கற்பூரம் காட்டும்போது காற்றடித்து, பொரி முன்கண்ணாடிக்குக் கீழே சிதறியது. அங்கே காற்று உள்ளே போக வரிசையாகத் துவாரங்கள் உண்டு. பொறுக்கச் சோம்பல்பட்டு, கையாலேயே அதைத் துவாரங்களுக்குள் தள்ளிவிட்டேன்.

மழை வந்தது. ஒரு நாள் கல்லூரிக்குப் போகும் வழியில் கண்ணாடி மங்கியது, தெளியவில்லை.

“என்னப்பா, ஒண்ணுமே தெரியலையே?”

“காத்து வரல சார். சுவிட்சு போட்டுக்கினுதான் இருக்குது. உள்ள ஃபேன் படுத்துட்டுது.”

வண்டியை ஓரங்கட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பிரித்து, புகையிலைத் தூளைக் கண்ணாடியின் வெளிப்புறம் தேய்த்தார். அப்படித் தேய்த்தால் மழைத்தண்ணீர் திட்டுத்திட்டாக நிற்காமல் வழிந்துவிடும் என்பது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

“வெளியே சரி. உள்ளே?”

“உள்ள துணிதான் சார். நீங்க தொடச்சிக்கினே வாங்க.”

கல்லூரி வாசல்வரை துடைத்துக்கொண்டே போனேன். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, “லெக்சரர் உத்தியோகம் போறாதுன்னு கிளீனர் உத்தியோகமும் கெடச்சுடுத்தா?” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் இருந்த சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணச் சேலைகள் தறியிலிருந்து இறங்கி வந்துவிட்டன. கூறைப் புடவையையும் மற்றவற்றையும் அவர்களிடம் ஒரு முறை காட்டிவிட்டு வர வேண்டும். சென்னையிலிருந்து என் மைத்துனர், மனைவியின் அண்ணா, உடன் வருவதாக இருந்தார். அவர் வருவதற்கு வேறொரு காரணமும் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அப்போதுதான் பெரிய தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்தன. ஊழியர்களை அழைத்துப் போக வேன்கள் விடும் ஒப்பந்தக்காரர் ஒருவர் மைத்துனரின் நண்பர். நிரந்தர வேலை, சீருடை, பி.எஃப். எல்லாம் உண்டு. எங்கள் டிரைவருக்காக நான்தான் மைத்துனரிடம் சொல்லியிருந்தேன். இந்த வேலையை நம்பி அவருக்குப் பெண்ணும் பேசி முடித்திருந்தார்கள். கம்பெனி வேலை என்றதும்தான் பெண் வீட்டார் சம்மதித்தார்களாம். “பையன் ஓட்டறதை நானே ஒரு தடவை பார்த்துடறேன் மாப்ளே. அப்புறம் சிநேகிதன்ட்ட சொல்றேன்” என்றிருந்தார் மைத்துனர். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் டிரைவருக்குப் பரீட்சை.

பரீட்சையின்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டு போனால் நன்றாகவா இருக்கும்? விசிறியைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன் என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மெக்கானிக் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியம் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு மிக்ஸியைப் பிரித்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் கெடுத்திருந்தேன். இனிமேல் மின்சாரச் சாமான் எதையும் தொடுவதில்லை என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முறையாகத்தான் ஆரம்பித்தேன். கல்லூரிச் சோதனைக் கூடத்திலிருந்து இரண்டு ஒயர் இணைத்த சின்ன பல்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். சுவிட்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தேன், பல்பு எரியவில்லை. ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். விசிறிக்கான ஃபியூஸ் கண்ணாடிக் குழாயில் கறுப்பாகப் புகை படிந்திருந்தது. உள்ளேயிருந்த கம்பி உருகிப் போயிருந்தது. கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

ஃபியூஸ் எதற்காக இருக்கிறது என்று முதலாண்டு மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் நடத்தியவன் நான். அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் தான் உருகி மற்றவற்றைக் காப்பாற்றுவது அது. ‘ஃபியூஸ் போனால் மாற்றிவிட்டுப் போகாதே, ஏன் போனது என்று பார்’ என்பது என் வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்வது. அன்று பார்க்கவில்லை. மாற்று ஃபியூஸும் வீட்டில் இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொலுப் பொம்மைகளுக்குச் சேலை கட்டுவதற்காக மனைவி ஒரு டப்பாவில் ஜரிகை நூல்கண்டு வைத்திருந்தாள். எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படி மிச்ச ஜரிகை கொஞ்சம் கிடக்கும். அசல் ஜரிகை. சிவப்புப் பட்டு இழையின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே பொன்முலாம் பூசியது. வெள்ளியைப் போல மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அறிவு போதுமானதாக இருந்தது. பல இழைகளைச் சேர்த்துத் திரித்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் கட்டினேன். மெல்லிய திரி போட்டால் மறுபடி உருகிவிடுமோ என்று தடிமனாகவே திரித்தேன்.

விசிறி ஓடியது. கரகரவென்று ஒரு சத்தம் இருந்தது. பழைய மோட்டார், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியைப் பூட்டினேன்.

மனைவி வந்து காரில் குடையை வைக்கப் போனவள், காற்று வருவதைப் பார்த்தாள்.

“ஏன்னா, இதை யார் சரி பண்ணினா?”

“டிரைவர் வந்தான். பார்த்துப் பண்ணிட்டுப் போனான்” என்றேன்.

“பரவாயில்லையே. அவனுக்கு இதெல்லாம்கூட வரதா?”

வாய் கூசவில்லை. மிக்ஸிக்காக மறுபடி பேச்சு வாங்க வேண்டாம் என்று சொன்ன பொய். எந்த வீட்டில்தான் இப்படி ஒரு பொய் இல்லை.

மறுநாள் காலை டிரைவர் வந்ததும் தெருவிலேயே நிறுத்திச் சொன்னேன்: “ஃபேனை நான்தான் சரி பண்ணினேன். அம்மாகிட்ட நீ பண்ணினதாச் சொல்லியிருக்கேன். காட்டிக் குடுத்துடாதே.”

அவர் சிரித்தார். “நம்ம பேர்ல ஒரு நல்ல பேரு. வேணாம்னா சொல்லப் போறேன்?”

மைத்துனர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நானும் மனைவியும், எங்களுக்கு நடுவில் துணியில் சுற்றிய சேலை மூட்டை. வாலாஜாபாத் சாலையில் மழை சாய்வாக அடித்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. டிரைவர் அன்று பேசவே இல்லை. குழிகளில் பார்த்து இறக்கி, லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு கல்யாண ஊர்வலம்போல ஓட்டினார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மைத்துனர் திரும்பி என்னிடம், “நன்னாத்தான் ஓட்டறான்” என்றார். டிரைவர் காதில் விழும்படியாகவே சொன்னார். பின்பார்வைக் கண்ணாடியில் டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பெரிய பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

ஊரைத் தாண்டி வயல்கள் வந்த பிறகு அந்த வாசனை வந்தது.

தலைமுடி கருகுவது போன்ற வாசனை. மற்ற ஊர்க்காரர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு அது வேறு. பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி முகர்வதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள் நாங்கள்.

“பட்டு கருகறதுன்னா” என்றாள் மனைவி. “ஐயோ, பொடவை.”

“நிறுத்துப்பா, வண்டியை நிறுத்து” என்றேன்.

வண்டி நிற்பதற்குள் மூட்டையைப் பிரித்துவிட்டோம். ஒவ்வொரு சேலையாக உதறி, மடிப்பு மடிப்பாகப் பார்த்தோம். மைத்துனரும் இருக்கையில் முட்டிபோட்டுப் பின்பக்கம் திரும்பி, “கூறைப் பொடவையைப் பாரு, மொதல்ல கூறையைப் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் மூன்று பேர், நல்ல சேலைகளில் தீயைத் தேடிக்கொண்டிருந்தோம். புகை முன்னாலிருந்து, மைத்துனரின் காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பார்த்தவர் டிரைவர். “இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க” என்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அறுத்தார். உருகிய பிளாஸ்டிக் விரல்களில் ஒட்டிக்கொண்டது. வாயால் காற்றை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கையை விட்டு, விசிறிக் கூட்டிலிருந்து கருகிப் புகையும் உருண்டை ஒன்றை இழுத்துச் சாலையில் போட்டார்.

எலிக்கூடு. தறிக்கூடங்களின் வாசலில் கிடக்கும் பட்டுக் கழிவு நூலைக் கொண்டுவந்து எலி அதைக் கட்டியிருந்தது. நடுவில் கொறித்த பொரி. விசிறியின் இறக்கைகளில் அந்த நூல் இறுகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் ஃபியூஸ் உருகியது அதனால்தான். அது சரியாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. சுற்ற முடியாத மோட்டாருக்கு என் ஜரிகை வழியே நான் விடாமல் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனைவிக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. புகையில் அது கிளம்பிவிட்டது. சாலையோரம் குனிந்து மூச்சுக்குத் தவித்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எங்களிடமிருந்த ஒரே குடையை மைத்துனர் சேலைகளுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே பாதி கருகிய ஜரிகைத் திரி இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மைத்துனரும் எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது, ஜரிகையா? ஃபியூஸுக்கு ஜரிகையைச் சுத்தி வச்சிருக்கே?”

டிரைவர் கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நேத்து இவன்தானே சரி பண்ணினான்” என்றாள் மனைவி, மூச்சுக்கு நடுவே. “இவர் சொன்னாரே.”

“பேஷ். ஜரிகையால கார் ரிப்பேர். இவனை நம்பி ஒரு வேன் நிறைய ஆளை ஏத்தி அனுப்பச் சொல்றேள் மாப்ளே” என்றார் மைத்துனர். “வாயைத் திறந்து சொல்லேண்டா. கார் தானாவா சுத்திண்டுது?”

டிரைவர் “சார்…” என்றார். அவரிடம் கேள்வி கேட்டவர் மைத்துனர். ஆனால் அந்த ‘சார்’ எனக்கு. காட்டிக் கொடுக்காதே என்று நான் சொல்லியிருந்தேன். அவர் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொல்வதற்கு இடம் விட்டுக்கொண்டு, வெந்த விரல்களை மழையில் நீட்டியபடி நின்றார்.

எனக்குள் அப்போது என்ன ஓடியது என்பது நன்றாக நினைவிருக்கிறது. மைத்துனர் என்னைக் கேலி செய்வதற்கு வாழ்நாள் முழுக்க ஒரு கதை கிடைத்துவிடும். சம்பந்தி வீட்டில் அன்றே சொல்லிச் சிரிப்பார். இயற்பியல் கற்பிக்கிறவன், ஃபியூஸில் ஜரிகை. மனைவியின் மூச்சு இழுப்பதற்கும் நானே காரணம். இவ்வளவும் ஒரே சமயத்தில் வந்தன. டிரைவரின் வேலையும் அவர் கல்யாணமும் இந்தப் பட்டியலில் வரவேயில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அவற்றோடு எடைபோட்டுப் பார்த்து நான் சும்மா இருக்கவில்லை. எடைபோடவே இல்லை.

“சரி, விடுங்கோ. ஆனது ஆச்சு. வேணும்னா பண்ணினான்?” என்றேன்.

மன்னிப்பதுபோல் சொன்னேன். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவிக்குச் சரியாகப் பல நாட்கள் ஆயின. டிரைவர் கையில் கட்டுடன் ஒரு முறை வந்தார். கை ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அவர் ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டதெல்லாம், “அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது சார்?”

பிறகு ஒப்பந்தக்காரரே எனக்குத் தொலைபேசி செய்தார். நல்ல மனிதர். “உங்க மச்சான் ஒண்ணு சொல்றாரு. நீங்க கூடவே வச்சுப் பார்த்தவர். நீங்க சொல்லுங்க சார், எடுக்கலாமா?” என்று கேட்டார். அங்கே மைத்துனர் இல்லை, மனைவி இல்லை, சிரிக்க யாரும் இல்லை. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் மாணவர்களின் அறிக்கையில் எழுதுவதைப்போல, அளந்து சொன்னேன்: “நல்ல பையன்தான். கவனம் கொஞ்சம் போதாது.”

சாலையில் நான் வாயடைத்து நின்றதற்குப் பயத்தைக் காரணமாகச் சொல்லலாம். இதற்கு எதையும் சொல்ல முடியாது.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. டிரைவர் எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றது. தை மாதம் மகளின் கல்யாணம் நன்றாக நடந்தது. சேலைகளை எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பந்தியில் யாரோ, “உங்க டிரைவர் எங்கே காணும்?” என்று கேட்டபோது, கையிலெடுத்த சோற்றை அப்படியே இலையில் வைத்தேன்.

கல்யாணச் சந்தடி அடங்கிய பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். “என்னண்ட எதுக்குச் சொல்றேள்? அவனண்டப் போய்ச் சொல்லுங்கோ” என்றாள். மைத்துனருக்குத் தொலைபேசி செய்தேன். அவர் சிரிப்பார் என்று அத்தனை பயந்தேனே, சிரிக்கவில்லை. “அவா வேற ஆளைப் போட்டாச்சு மாப்ளே. இப்போ சொல்லி என்ன?” என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரத்துக்குப் பஸ் ஏறினேன். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விசாரித்துக்கொண்டு போனேன். டிரைவர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு விரல்களில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. செங்கல் சூளைக்கு டிராக்டர் ஓட்டுவதாகச் சொன்னார். கல்யாணம் பற்றிக் கேட்டேன்.

“அது நின்னுபோச்சு சார். அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சு.”

“தப்பு என்னோடதுப்பா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“நீங்கதான் காட்டிக் குடுக்காதேன்னீங்க” என்றார். குரலில் கோபமில்லை, கணக்கு ஒப்பிப்பதுபோல் இருந்தது. “அதான் கம்முனு இருந்தேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். ரோட்டுல சொல்லல, சரி. அம்மா உடம்பு சரியானதும் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வேறு வேலைக்குச் சொல்கிறேன் என்றேன்.

“வேலை நான் பாத்துக்கிறேன் சார். எங்க நைனாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க. வாத்தியாரே கவனம் பத்தாதுன்னு சொல்லிட்டாருன்னு எப்பப் பாத்தாலும் அதையே சொல்லிக்கினு இருக்குறாரு.”

தொலைபேசியில் நான் அளந்து சொன்ன சொல் ஒப்பந்தக்காரர், மைத்துனர், யார் யாரோ வழியாக அந்த வீட்டுக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

அவருடைய அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து, மறுத்தும் கேளாமல், கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான் சார், அவசரம். நீங்க சொன்னது சரிதான். கவனம் பத்தாது. உங்க வீட்டம்மா உசுருக்கே வந்துருச்சாமே.”

“இல்லைங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. அந்த ஜரிகையை வச்சது நான். வீட்டில் பொய் சொன்னதும் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கின. கை கூப்பினார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு. பையன் பொழப்பு போச்சேன்னு பஸ்ஸு ஏறி வந்து, பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்க.”

“அப்படி இல்லைங்க, நிஜமாவே…”

“காலேஜுல கரண்டு பாடம் எடுக்குறவரு. ஜரிகையைப் போயி கரண்டுல வைப்பீங்களா? நான் கைநாட்டு. எனக்கே தெரியுமே அது கூடாதுன்னு.”

நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மிக்ஸி, கொலு டப்பா, எலி, பொரி. சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நல்ல மனிதர் கஷ்டப்பட்டுப் பொய் சொல்வதைக் கேட்கிறவரின் தலையாட்டல் அது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற மகன், “நைனா, சாரு சொல்றது நெசம்” என்றார்.

“நீ சும்மா இருடா. அவரு உனக்காக எறங்கி வந்து சொல்றாரு. நீ அதையே புடிச்சிக்கினு தொங்குறே. வெக்கமா இல்ல?”

மகன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு வேறு எதுவாக இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன், ஆனால் அது பழைய சிரிப்பாகவே இருந்தது. பக்கத்து வீட்டு மொபெட்டை வாங்கிவந்து என்னைப் பஸ் நிறுத்தத்தில் விட்டார்.

“விடுங்க சார். இன்னொரு வாட்டி வந்து சொன்னீங்கன்னா, உங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவாரு” என்றார். பஸ் வரும்வரை நிற்கவில்லை. சூளையில் லோடு காத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெரியவரிடம் நான் பேசவில்லை. சில வருடங்கள் கழித்து அவர் இறந்ததாகத் தெரிந்து மறுபடி கூரத்துக்குப் போனேன். டிரைவருக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணமாகியிருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, வயதான உறவினர் ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அங்கிருந்தவர்களிடம் சொன்னார்:

“இவருதான்யா அந்தக் காலேஜு சாரு. தப்பு நம்ம புள்ளமேல இருந்தும், தான் பண்ணேன்னு வீடு தேடி வந்து சொன்னவரு. செத்தவரு சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. இந்தக் காலத்துல யாரு அப்படி வருவா?”

பலர் திரும்பி என்னைக் கும்பிட்டார்கள். டிரைவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். இதைக் கேட்டார். அவருடைய மனைவியும், தோளில் குழந்தையோடு, கேட்டாள். அந்தப் பெண் தன் கணவரைப் பற்றி எதை உண்மையென்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை, அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். போதகர் புத்தகத்தைத் திறந்துவிட்டார். சாவு வீட்டில் என் உண்மையை எடுத்து நடுவில் வைப்பது முறையா என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு யோசனை வந்துவிடும்.

யாரோ முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். “உக்காருங்க சார்” என்றார்கள். டிரைவர் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்தேன்.